சென்னையில் முதியோர் இல்லத்தில் பெயர் கொடுத்தால் எத்தனை நாளில் இடம் கிடைக்கும்?

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து அப்பாவை நாலு நாளில் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள், இரண்டு இல்லங்களில் பெயர் கொடுத்தாயிற்று, எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்து நாளைக் கணக்கிட முடியாது. இது ரேஷன் கடை வரிசை போல நகராது. பெண்கள் அறையில் கட்டில் காலியானால் அப்பாவுக்கு அது கிடையாது. நடமாடுபவர்கள் பகுதியில் காலியானாலும் படுக்கையில் இருப்பவருக்குத் தரமாட்டார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்: "ஆண், படுத்த படுக்கை, இருவர் அறை. இந்த மாதிரி கட்டில் மொத்தம் எத்தனை? கடைசியாக எப்போது காலியானது?" நாலே கட்டில், அதுவும் பல மாதமாகக் காலியாகவில்லை என்றால் அந்த ஒரு இடத்தை நம்பி இருக்காதீர்கள். தாம்பரம், ஆவடி, செங்கல்பட்டுப் பக்கமும் விசாரியுங்கள்.

உள்ளதை மறைப்பதால்தான் பலருக்கு வந்த இடமும் கைநழுவுகிறது. விண்ணப்பத்தில் "கொஞ்சம் உதவி தேவை" என்று மட்டும் எழுதுவார்கள். சேர்க்கிற அன்று நர்ஸ் போர்வையை விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்ப்பார். வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்து, நடுவில் சதை தெரிகிற புண் இருக்கும். பல இல்லங்களில் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: அந்தப் புண் ஆற, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். அதற்கு ஆள் இல்லாமல் சேர்த்துக்கொண்டால் கஷ்டப்படப் போவது உங்கள் அப்பாதான்.

ஒரு தாளில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எழுந்து உட்கார எத்தனை பேர் பிடிக்க வேண்டும், டயாபரா, சிறுநீர் டியூபா, டியூப் என்றால் கடைசியாக மாற்றிய தேதி, மூக்கு வழியாக உணவா, இன்சுலின் அளவு, புண்ணின் நீள அகலம் சென்டிமீட்டரில், ராத்திரி தூங்குகிறாரா, மறதி உண்டா. இதோடு டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார் நகல், போட்டோ, ராத்திரியில் கூப்பிட்டாலும் வரக்கூடிய சென்னைவாசி ஒருவரின் எண். மார்பு எக்ஸ்ரேயும் சில ரத்தப் பரிசோதனைகளும் கேட்கிற இல்லங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

நாலு நாளில் இடம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். குறுகிய காலத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. இல்லையென்றால் வீட்டுக்கு 24 மணி நேர அட்டெண்டர், வாடகைக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று மெத்தை.

இலவச இல்லங்கள் பெரும்பாலும் ஆதரவற்றோருக்குத்தான். பிள்ளைகள் இருந்தால் அங்கே காத்திருப்பது வீண். வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-ல் கேளுங்கள், கட்டணம் இல்லை.

பெயர் கொடுத்த இடங்களுக்கு வாரம் ஒரு முறை போன் செய்து, அப்பாவின் நிலை மாறியிருந்தால் சொல்லுங்கள். கட்டில் காலியானதும் கூப்பிடுவார்கள். நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் இரண்டு பேர் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.