சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைக்க முடியுமா?

கிளிநொச்சியில் உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் மகள் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைய ஆசைப்படுகிறாள், அதை நம்பி வாழலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழலாம். ஆனால் அந்த ஒரு வேலையை மட்டும் நம்பி அல்ல.

சிறுவர் படப்புத்தகங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் எரிக் கார்லைப் பாருங்கள். நியூயோர்க் டைம்ஸில் வடிவமைப்பாளர், பிறகு விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநர். அவர் செய்த சிங்க இறால் விளம்பரம் ஒன்றைப் பார்த்த ஓர் எழுத்தாளர்தான் தன் கதைக்கு வரையக் கேட்டார். அந்தப் புத்தகம் 1967இல் வந்தபோது கார்லுக்கு வயது கிட்டத்தட்ட 38. விளம்பர வேலை வீணான காலமே இல்லை, அதுதான் வழியைத் திறந்தது.

வன்னியிலும் அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கும்: பாடசாலை மலருக்கு அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை, முன்பள்ளிச் சுவர். அச்சகத்தில் கொஞ்சக்காலம் நிற்கச் சொல்லுங்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். ஒரு பெரிய அச்சுத் தாளை மடித்தால் 16 பக்கம் வரும், இரண்டு தாளுக்கு 32, அதுதான் அந்தக் கணக்கு. வெட்டும்போது ஓரம் போகும் என்று 3 மில்லிமீற்றர் கூடுதலாக வரைய வேண்டும், எழுத்துக்கு இடம் விட வேண்டும். திரையில் பளிச்சென்ற பச்சை, அச்சில் மங்கிவிடும். இதெல்லாம் தெரிந்தவரைத்தான் பதிப்பாளர் மறுபடி கூப்பிடுவார்.

அப்புறம், இரணைமடுக் குளத்தையும் பாலை மரத்தையும் நேரில் பார்த்து வரைந்து பழகட்டும். எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களில் எங்கள் காடு இன்னும் போதுமான அளவு வரவில்லை.