பீரோ வண்ணாரப்பேட்டையில், சாவி மின்ட்டில்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்டுத் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறோம். ஆறு வருடமாகச் சேர்த்த டிசைன்கள், கிட்டத்தட்ட 1,900, எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று போன வாரம் மின்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, புது விண்டோஸ் ஏற்றி வாங்கி வந்தோம். இப்போது டிரைவைச் செருகினால் ஒவ்வொரு டிசைன் மேலும் சின்னதாக ஒரு மஞ்சள் பூட்டு. திறந்தால் 'ஆக்சஸ் டினைடு'. நாங்கள் எந்தப் பூட்டும் போடவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் "வைரஸ் மேடம், டிரைவை ஃபார்மட் பண்ணிடலாம்" என்கிறார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் பிடித்து வைத்திருக்கிறோம், என்ன செய்வது?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் ஃபார்மட் வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். அந்த டிரைவைக் கழற்றி ஓரமாக வையுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

இது வைரஸ் வேலை இல்லை. ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் பெரும்பாலும் ஃபைல் பெயரின் வாலையே மாற்றிவிடும், பக்கத்தில் மிரட்டல் கடிதம் ஒன்றையும் போட்டுவிட்டுப் போகும். உங்களுக்குப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, பூட்டு மட்டும் வந்திருக்கிறது. இது விண்டோஸே போட்ட பூட்டு. இஎஃப்எஸ் என்று பெயர், விண்டோஸ் 2000-லிருந்தே உள்ளே இருக்கிற வசதி. பெயரைப் பூட்டாது, உள்ளே இருப்பதை மட்டும் பூட்டும். அதனால்தான் எல்லா டிசைன் பெயரும் கண்ணுக்குத் தெரிகிறது, எதுவும் திறக்கவில்லை.

நாங்கள் போடவே இல்லையே என்கிறீர்களா? ஏதாவது ஒரு ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு போய்ப் பாருங்கள். கீழே இரண்டு கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே உள்ளது ஃபைலைச் சுருக்கி இடத்தை மிச்சம் பிடிக்க, கீழே உள்ளது பூட்ட. டிரைவ் நிரம்பிவிட்டதே என்று யாரோ ஒருநாள் மேல் கட்டத்துக்குப் பதிலாகக் கீழ் கட்டத்தில் டிக் போட்டிருக்கலாம், அல்லது பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தெரிந்தே போட்டு மறந்திருக்கலாம். ஃபோல்டருக்கு ஒரு முறை டிக் விழுந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அதில் வந்து விழுகிற ஒவ்வொரு டிசைனும் தானாகவே பூட்டிக்கொள்ளும். உங்கள் யூசரில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை விண்டோஸே சத்தமில்லாமல் திறந்து காட்டிக்கொண்டிருக்கும், பூட்டு இருப்பதே தெரியாது.

ஒன்று கேட்கிறேன். டிசைனை மெஷினுக்கு எடுத்துப்போகப் பென் டிரைவில் காப்பி செய்வீர்கள் அல்லவா? அப்போது 'என்க்ரிப்ஷன் இல்லாமல் காப்பி செய்யவா' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு, நீங்களும் தினம் 'யெஸ்' அடித்துக்கொண்டிருந்தீர்களா? அப்படியென்றால் ஒரு நல்ல செய்தி. எம்ப்ராய்டரி மெஷின்களுக்கு வழக்கமாக ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ்தான் போடுவார்கள். அதில் காப்பி செய்யும்போது அப்படிக் கேட்டு நீங்கள் 'யெஸ்' அடித்திருந்தால், காப்பி ஆகும்போதே பூட்டு கழன்றுவிடும். ஆக, மெஷினுக்குப் போய்வந்த டிசைன்கள் பூட்டில்லாமல் அந்தப் பென் டிரைவ்களில் கிடக்கும். கடையில் எத்தனை பென் டிரைவ் இருக்கிறதோ அத்தனையையும், டிராயரில் மூடி தொலைந்து கிடப்பது உட்பட, எடுத்து முதலில் பாருங்கள். மெஷினின் சொந்த மெமரியிலும் கொஞ்சம் இருக்கும். ஆவணி ஆர்டரில் பாதியாவது அதிலேயே தேறலாம்.

இனி முக்கியமான விஷயம். பூட்டுதான் உங்கள் எக்ஸ்டர்னல் டிரைவில் இருக்கிறது, சாவி அங்கே கிடையாது. அது பழைய விண்டோஸில், உங்கள் யூசருக்கான ஃபோல்டருக்குள், உங்கள் பழைய பாஸ்வேர்டை வைத்து மூடிய நிலையில் இருக்கிறது. அந்த விண்டோஸ் எங்கே? கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில். அது எங்கே? மின்ட் கடையில். அதனால் இன்றைக்கே, முடிந்தால் இதைப் படித்து முடித்த கையோடு, கிளம்பிப் போய் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பி வாங்குங்கள். அவர் அதைத் துடைத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் தள்ளுவதற்குள் வாங்கியாக வேண்டும். சண்டை எல்லாம் வேண்டாம், "என்னோட பழைய டிஸ்க்கைக் கொடுங்கண்ணே" என்றால் போதும், உங்கள் பொருள்தானே.

டிஸ்க் பத்திரமாக இருந்தால் வேலை சுலபம். எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கையே அதே கம்ப்யூட்டரில் மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பழைய விண்டோஸ் மெதுவாகத்தான் எழுந்திருக்கும், டீ ஒன்று குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் பழைய பாஸ்வேர்டோடு உள்ளே போய் எக்ஸ்டர்னல் டிரைவைச் செருகி, ஏதாவது ஒரு டிசைன் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் முதல் வேலை, ஸ்டார்ட்டில் 'மேனேஜ் ஃபைல் என்க்ரிப்ஷன் செர்டிஃபிகேட்ஸ்' என்று தட்டிச் சாவியை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுப்பது. அது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அதை நோட்டில் எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு டிசைன் ஃபோல்டரில் அதே அட்வான்ஸ்டுக்குப் போய் டிக்கை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓகே கொடுங்கள். முடியும்வரை டிரைவைப் பிடுங்காதீர்கள்.

பழைய விண்டோஸிலும் 'டினைடு' என்றே வந்தால் பயந்துவிடாதீர்கள். கடையில் உள்ளே நுழைவதற்காக உங்கள் பாஸ்வேர்டை வேறு வழியில் ரீசெட் செய்திருக்கலாம். அப்படிச் செய்தால் சாவி திறக்காது. உங்கள் பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைத்தால் மறுபடி வேலை செய்யும். ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் இருந்தால், பூட்டிய ஏதாவது ஒரு டிசைனில் அட்வான்ஸ்டு, டீட்டெயில்ஸ் போய்ப் பாருங்கள், எந்த யூசருடைய சாவி என்று அங்கே பெயர் இருக்கும். உங்கள் பெயருக்குப் பதில் வேலை செய்த பையன் பெயர் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைக்காரர் ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டார் என்றால்? அப்போதும் அந்த டிஸ்க்கை வாங்குங்கள், ஆனால் எதிலும் மாட்டி எதையும் எழுதாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் அவசர ஃபார்மட் (க்விக் ஃபார்மட்) என்றால் உள்ளே இருந்தது பெரும்பாலும் உடனே அழிவதில்லை, மேலே புதிதாக எழுதினால்தான் போகும். டேட்டா மீட்கிறவர்களிடம் கொடுத்து, பழைய யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று போனால் வருகிற க்ரிப்டோ, ப்ரொடெக்ட், சிஸ்டம் செர்டிஃபிகேட்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். மூன்றும் பழைய பாஸ்வேர்டும் இருந்தால் பூட்டைத் திறக்கிற மென்பொருள்கள் உண்டு. இல்லையென்றால் இல்லை. சாவியே இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 1-லிருந்து இந்தப் பூட்டு 256 பிட் ஏஇஎஸ் என்கிற பலமான முறை, அதை மின்ட்டில் மட்டுமில்லை, எங்கேயும் யாரும் உடைப்பதில்லை.

புது விண்டோஸில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தாலும் திறக்காது, அது வேறு ஆள் என்றுதான் விண்டோஸ் நினைக்கும். ஃபைல்களின் 'ஓனர்ஷிப்', அதாவது உரிமையை, உங்கள் பெயருக்கு எடுக்கச் சொல்வார்கள், அதுவும் வீண். எக்ஸ்பி காலத்தில் என் சொந்த ஃபைல்களுக்கு இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிவரை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என்னிடம் பழைய டிஸ்க் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: ஆபீஸ் லேப்டாப்பில் என் சொந்த எக்ஸ்டர்னல் டிரைவைச் செருகியபோது என்க்ரிப்ட் செய்தால்தான் எழுத முடியும் என்றது, ஏதோ பாஸ்வேர்டு போட்டு ஓகே கொடுத்தேன். இப்போது வீட்டில் அந்தப் பாஸ்வேர்டு ஞாபகம் வரவில்லை.
வாசகர், எண்ணூர்

பதில்: இது பிட்லாக்கர், விண்டோஸின் இன்னொரு பூட்டு, மேலே சொன்னதிலிருந்து வேறு சாதி. இதில் டிரைவே மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும், பெயர்கூடத் தெரியாது. ஆனால் பாஸ்வேர்டுக்கு மாற்றாக 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று கட்டாயம் உருவாகியிருக்கும், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. கம்பெனியே என்க்ரிப்ட் செய்யக் கட்டாயப்படுத்துகிறது என்றால், அந்தக் கீ பெரும்பாலும் கம்பெனி சர்வரில் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும். பாஸ்வேர்டு கேட்கிற திரையில் 'மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தி, ரெக்கவரி கீ கேட்கும் இடத்தில் தெரிகிற கீ ஐடியைப் போட்டோ எடுத்து ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள், ஐந்து நிமிட வேலை. சொந்த டிரைவை ஏன் செருகினாய் என்று ஒரு திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விடுகிற எண்ணம் இருந்தால் அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், அப்புறம் யாரும் தேடித் தர மாட்டார்கள். வீட்டில் விண்டோஸ் ஹோம் இருந்தாலும் கீ கிடைத்தால் திறக்கும்.

கேள்வி: தம்பி ஒரு கேமுக்கு கிராக் இறக்கினான். அதிலிருந்து எக்ஸ்டர்னல் டிரைவில் எல்லா போட்டோவும் பெயருக்குப் பின்னால் நாலெழுத்து சேர்ந்து திறக்கவில்லை. ஒரு ரீட்மீ ஃபைல் டாலரில் பணம் கேட்கிறது.
வாசகி, வியாசர்பாடி

பதில்: இதுதான் நிஜமான வைரஸ். நெட்டை அணைத்துவிட்டு டிரைவைக் கழற்றுங்கள், பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் திறக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரில் 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போங்கள். டச்சு போலீசும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் 2016-ல் சேர்ந்து ஆரம்பித்தது, இலவசம். பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்த ரீட்மீயையும் ஏற்றினால் எந்த வகை, திறக்கக் கருவி இருக்கிறதா என்று சொல்லும். இல்லை என்று வந்தால் பூட்டிய போட்டோக்களை அழிக்காமல் அந்த டிரைவிலேயே விட்டுவையுங்கள். சில வகைகளுக்குக் கருவி பின்னால் வந்திருக்கிறது. 1930-க்கு அடித்து சைபர் புகாரும் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரை மட்டும், அந்த கிராக்கோடு சேர்த்துத் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுங்கள்.