ரசிகர்கள் எடுக்கும் அறிவியல் புனைவுப் படங்களில் பார்வையாளர் எதைப் பொறுத்துக்கொள்கிறார், எங்கே மூடிவிடுகிறார்?

கேள்வி இதுதான்: நண்பர்கள் சிலர் சேர்ந்து, தங்களுக்குப் பிடித்த அறிவியல் புனைவு உலகம் ஒன்றை வைத்து 15 நிமிடப் படம் எடுக்கப் போகிறார்கள். இப்படி எடுக்கப்படும் படங்களில் சிலவற்றை மக்கள் தேடிப் பார்க்கிறார்கள், சிலவற்றை இரண்டாம் நிமிடத்திலேயே மூடிவிடுகிறார்கள். வித்தியாசம் எங்கே வருகிறது?

காசில் வருவதில்லை. ரசிகர் படம் பார்க்க உட்காருபவருக்கு, இது ஓய்வு நேரத்தில் கைக்காசு போட்டு எடுத்தது என்று முன்பே தெரியும். செட் அட்டையாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்வார். ஆனால் வசனம் காதில் விழாவிட்டால் பொறுக்கமாட்டார். கதை தொடங்காமல் இழுத்தாலும் அப்படியே. அந்த உலகம் எடுத்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்று பட்டுவிட்டால், அதற்குப் பிறகு சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும்.

ஸ்டார் ட்ரெக் உலகில் நடக்கும் 'ஹிடன் ஃபிரான்டியர்' இதற்கு நல்ல உதாரணம். 2000 முதல் 2007 வரை 7 சீசன் ஓடிய ரசிகர் தொடர் அது. பெரும்பாலும் கிரீன் மேட் (பின்னணியை மாற்றுவதற்கான பச்சைத் திரை) முன்னால் நடிக்கவைத்து, பின்னால் கப்பலின் உட்புறப் படங்களைச் சேர்த்தார்கள். நடிகர்களின் தலைமுடி ஓரத்தில் பச்சை வளையம் பளிச்சென்று தெரியும். ஆனாலும் பார்வையாளர்கள் ஏழு வருடம் கூடவே வந்தார்கள். தெரிந்த கதாநாயகர்களை நகல் எடுக்காமல் புதிய கேப்டன், புதிய குழு என்று உருவாக்கி, அவர்களுடைய உறவுகளைப் பகுதிக்குப் பகுதி வளர்த்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே முதல் கவனம் ஒலியில் இருக்கட்டும். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பி எடுத்த காட்சியை எந்த கிராஃபிக்ஸும் காப்பாற்றாது. அறிவியல் புனைவில் இது இன்னும் கடினம், உடையே எதிரி. ஃபோம் கவசத்துக்குள் காலர் மைக் வைத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசல் சத்தம் வரும். மைக்கைக் கவசத்துக்கு அடியில் செருகாமல் கழுத்துப் பட்டையின் உள்விளிம்பில் துணி டேப்பால் ஒட்டுங்கள். வயரில் சின்ன வளையம் ஒன்று விட்டு அதையும் ஒட்டிவிட்டால், வயர் இழுபடும் சத்தம் மைக்குக்குப் போகாது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, 30 விநாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனங்களை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் நிரப்ப அதுதான் வேண்டும். அதை எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் விழுந்து எழும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

ஹெல்மெட் போட்ட பாத்திரம் இருந்தால் படப்பிடிப்பில் பேசுவதை வழிகாட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டு பிறகு டப்பிங் செய்யுங்கள். ஹெல்மெட்டுக்குள் பேசும் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் அடைத்திருக்கும், அதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. சுத்தமாகப் பதிவுசெய்த குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டினால் பழைய தொலைபேசிக் குரல் கிடைக்கும். அதோடு கொஞ்சம் இரைச்சல், பேச்சின் தொடக்கத்தில் ஒரு 'கிளிக்' சேர்த்தால் ரேடியோ உரையாடல் ஆகிவிடும். வாய் தெரியாது என்பதால் லிப் சிங்க் பிரச்சினையும் இல்லை. எடிட்டிங் முடிந்த பிறகும் வசனத்தை மாற்றலாம். ஒரு நிபந்தனை: முகம் தெரியாத நடிகர் தலையாலும் தோளாலும் பேச வேண்டும். அசையாமல் நின்றால் பார்வையாளருக்கு யார் பேசுகிறார்கள் என்றே புரியாது.

அடுத்தது தொடக்கம். குழுவின் லோகோ, நன்றி அட்டை, உரிமை அறிவிப்பு, மேலே நகரும் நீண்ட முன்கதை எழுத்து என்று ஒன்றரை நிமிடம் ஓடவிடும் பழக்கம் இந்த வகைப் படங்களில் தொற்றுநோய்போல் இருக்கிறது. எடுத்தவர்களுக்கு அது மரியாதை செலுத்துவது, பார்ப்பவருக்கு அது காத்திருப்பு. கட்டாயமாகப் போட வேண்டிய அறிவிப்பு, தலைப்பு எல்லாம் சேர்த்து 10 விநாடிக்குள் முடியட்டும். மற்றவை கடைசிக்குப் போகட்டும். முதல் நிமிடத்துக்குள் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைப்பதில் ஒரு தடை இருக்கிறது என்பது தெரிந்துவிட வேண்டும். 2011இல் டேன் டிராக்டன்பர்க் எடுத்த 'போர்ட்டல்: நோ எஸ்கேப்' ஒரு கணினி விளையாட்டை வைத்து எடுத்த குறும்படம், சுமார் 7 நிமிடம். ஒரு பெண் சிறை அறையில் கண் விழிக்கிறாள், தான் யார் என்று தெரியவில்லை. வசனம் கிட்டத்தட்ட இல்லை. விளையாட்டை ஆடாதவருக்கும் கதை புரிகிறது, ஆடியவருக்குச் சுவரில் இருக்கும் குறிகளிலிருந்தே சிலிர்ப்பு தொடங்கிவிடுகிறது. இரண்டு தரப்பையும் ஒரே காட்சியில் பிடிப்பது இப்படித்தான். அவர் பின்னர் 2016இல் ஒரு முழுநீளத் திரைப்படத்தை இயக்கும் இடத்துக்குப் போனார்.

கிராஃபிக்ஸுக்கு வருவோம். எண்ணிக்கை போட்டுப் பார்க்காமல் திரைக்கதை எழுதுவதால்தான் பல படங்கள் பாதியில் நிற்கின்றன. ஸ்டார் வார்ஸில் வருவதுபோன்ற ஒளிவாள் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம். 10 விநாடி ஷாட் என்றால் 240 ஃபிரேம். இரண்டு வாள் என்றால் 480 முறை வாளின் ஓரத்தை ரோட்டோ செய்ய, அதாவது ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைய, வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 8 மணி நேரம். மூன்று நிமிடச் சண்டை என்றால் அதைப் போல 18 மடங்கு. அதனால் சண்டையை 40 விநாடிக்குச் சுருக்கி, அதில் பாதியை முகங்களின் குளோஸப்பில் எடுங்கள், வாள் ஃபிரேமுக்கு வெளியே இருக்கட்டும்.

வாள் பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். வாளின் வெளிச்சம் பிடித்திருப்பவரின் முகத்திலும் கையிலும் விழாதது முதலாவது. வெறும் குச்சியை வைத்து எடுத்தால் இது நடக்கும். உள்ளே எல்இடி பட்டை வைத்த பாலிகார்பனேட் குழாயைப் பயன்படுத்தினால் வெளிச்சம் தானாகவே முகத்தில் விழும், வாளைச் சுற்றி லேசான ஒளிவட்டம் சேர்த்தால் போதும். ஆனால் மலிவான எல்இடி கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் கருப்புப் பட்டைகளாக ஓடும். படப்பிடிப்புக்கு முந்தைய நாளே அதே கேமராவில், அதே ஷட்டர் வேகத்தில் சோதித்துப் பாருங்கள். வாளின் நடுப்பகுதிக்கும் நிறம் கொடுத்துவிடுவது இரண்டாவது: நடு வெள்ளையாக இருந்து நிறம் ஓரத்தில் மட்டும் இருந்தால்தான் அது ஒளி, இல்லாவிட்டால் பிளாஸ்டிக். வாள் வேகமாக வீசப்படும்போது மங்கல் இல்லாமல் கூர்மையாக வரைவது மூன்றாவது.

கிரீன் மேட் என்றால் நடிகரைத் திரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், திரைக்கும் நடிகருக்கும் தனித்தனி விளக்கு வையுங்கள். பச்சை ஓரம் வருவதற்குப் பெரும்பாலும் திரையின் வெளிச்சம் தோளிலும் முடியிலும் திரும்பி அடிப்பதே காரணம். சாதாரண கேமராக்கள் நிறத் தகவலைச் சுருக்கிப் பதிவு செய்வதால் முடி ஓரம் படிக்கட்டாக வெட்டுப்படும். 4:2:2 பதிவு (நிறத் தகவலைக் குறைவாகச் சுருக்கும் முறை) இருக்கும் கேமரா கிடைத்தால் அந்தக் காட்சிகளுக்கு மட்டுமாவது வாங்கி வாருங்கள். பளபளக்கும் வெள்ளிக் கவசத்தைக் கிரீன் மேட் முன்னால் நிறுத்தவே வேண்டாம், கவசமே பச்சையாகிவிடும்.

விண்கலக் காட்சிகளில் அளவு தெரியாமல் போவதுதான் முதல் குறை. பெரிய கப்பல் மெதுவாக நகர வேண்டும். சட்டென்று திரும்பினால் பொம்மை ஆகிவிடும். கிட்ட இருப்பது கூர்மையாகவும் கொஞ்சம் தள்ளி இருப்பது மங்கலாகவும் தெரிந்தாலும் பொம்மைதான். விண்வெளியில் சூரியன் ஒரே விளக்கு, ஆகவே நிழல் பக்கம் நன்றாக இருட்டட்டும். 8 விநாடி ஷாட்டில் 192 ஃபிரேம். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் ரெண்டருக்கு, அதாவது கணினி அந்தப் படங்களை உருவாக்கி முடிக்க, 16 மணி நேரம். நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படக் கோப்பாகச் செய்யுங்கள், 15ஆம் மணி நேரத்தில் கணினி நின்றாலும் நின்ற ஃபிரேமிலிருந்து தொடரலாம். கப்பலை உருவாக்க ப்ளெண்டர் மென்பொருள், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, இரண்டும் இந்த வேலைக்குப் போதும்.

செட் கட்டாமல் தப்பிக்க வடிவத்தையே மாற்றலாம். 2014இல் வந்த ஸ்டார் ட்ரெக் ரசிகர் படம் 'ப்ரிலியூட் டு அக்ஸனார்' சுமார் 21 நிமிடம். ஒரு போரைப் பற்றிய ஆவணப்படம்போல, படைத்தலைவர்கள் கேமரா முன் உட்கார்ந்து நினைவுகூர்கிறார்கள், நடுநடுவே கப்பல் சண்டை. நல்ல நடிகர், நல்ல குரல், நல்ல எழுத்து இருந்தால் இந்த வடிவத்துக்கு ஒரு நாற்காலியும் பின்னணியும் போதும். அதற்குக் கிடைத்த வரவேற்பில் பாதி இந்தத் தேர்வுக்குச் சேர வேண்டியது.

ஆனால் அந்தப் படம் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. அதன் முழுநீளத் தொடர்ச்சிக்காகப் பார்வையாளர்களிடமிருந்து பெரும் தொகை திரட்டப்பட்ட பிறகு, 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான பாரமவுண்ட்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசம் ஆனது. இடையில் 2016 ஜூனில் ஸ்டார் ட்ரெக் ரசிகர் படங்களுக்கு விதிமுறைகள் வந்தன: தனிக் கதை 15 நிமிடத்துக்குள், இரண்டு பகுதி என்றாலும் மொத்தம் 30 நிமிடத்துக்குள், திரட்டும் பணம் 50,000 டாலருக்குள், நடிகர்களும் குழுவினரும் சம்பளம் வாங்காத அமெச்சூர்கள், தலைப்பில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற பெயர் கூடாது, வருமானம் கூடாது. ஒவ்வோர் உலகத்துக்கும் விதி வேறு. ஸ்டார் வார்ஸுக்காக 2002இல் தொடங்கிய அதிகாரபூர்வ ரசிகர் படப் போட்டி, முதலில் பகடிப் படங்களையும் ஆவணப்படங்களையும் மட்டுமே ஏற்றது. அந்த உலகத்துக்குள் நடக்கும் கதைகளுக்கு 2007இல்தான் இடம் கொடுத்தது. எடுக்கும் முன்பே விதியைப் படித்து, நீளத்தையும் பணத்தையும் அதற்கு ஏற்ப வையுங்கள்.

இசையில் தனி எச்சரிக்கை. மூலப் படத்தின் மெட்டை நீங்களே வாசித்தாலும் மெட்டின் உரிமை உங்களுடையது ஆகாது. 2018 டிசம்பரில் வெளியான, ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடரைப் பற்றிய ஒரு ரசிகர் படத்துக்கு, விளம்பரமே இல்லாமல் வெளியிட்டிருந்தும், அதில் புகழ்பெற்ற மெட்டு ஒன்றின் சாயல் இருந்ததற்காக அடுத்த மாதமே உரிமைக் கோரிக்கை வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. எல்லாப் படத்துக்கும் அப்படி ஆள் திரளாது. புதிய இசையே பாதுகாப்பு.

இனி, தீவிர ரசிகர்கள். இவர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். சீருடையில் பதவிக் குறி எந்தப் பக்கம், கட்டுப்பாட்டுத் திரையில் என்ன எழுதியிருக்கிறது, அந்த ஆண்டில் அந்தக் கப்பல் இருந்ததா, எல்லாம் கேட்பார்கள். கருத்துகளில் '4:12இல் இருக்கும் குறி தவறு' என்று நேரம் போட்டு எழுதுவார்கள். இதை எரிச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த உலகத்தின்மேல் இருக்கும் பிரியம்தான் அப்படி வெளிப்படுகிறது. திரைகளில் ஏதோ எழுத்துகளை நிரப்பாமல், அந்த உலகத்தின் ஒரு பழைய சம்பவத்தையோ கப்பல் பெயரையோ எழுதுங்கள். அதைக் கண்டுபிடித்தவர் பத்துப் பேருக்குச் சொல்வார். தெரிந்த கதாநாயகனை வேறு முகத்தில் காட்டினால் மட்டும் முதல் காட்சி முழுவதும் ஒப்பிடுவதிலேயே போய்விடும். 15 நிமிடப் படத்தில் அந்த நேரத்தை இழக்க முடியாது, புதிய பாத்திரமே நல்லது.

வெளியிடும் முன் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், மூவர் அந்த உலகமே தெரியாதவர்களாக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் கைபேசியைத் தொட்ட நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காமல், கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் படமும் தடுமாறுகிறது. 'அதிகாரபூர்வப் படத்தைவிட இது மேல்' என்ற பாராட்டு பின்னால் கருத்துகளில் வரும். அது பெரும்பாலும் அதிகாரபூர்வப் படத்தின் மேலிருக்கும் கோபம், உங்கள் எடிட்டிங்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எந்த நிமிடம்வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பார்வை நேர வரைபடம் எங்கே செங்குத்தாக விழுகிறது என்பதைப் பாருங்கள், அடுத்த படத்துக்கு அதுதான் உதவும்.

யூடியூபில் ஏற்றுவதானால் ஒலியின் சராசரி அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) பக்கம் இருக்கட்டும், வசனங்களுக்குச் சப்டைட்டில் கோப்பு தனியாகச் சேருங்கள். முதலில் தனிப்பட்டதாக ஏற்றி, ஒரு முறை முழுவதையும் ஹெட்ஃபோன் இல்லாமல் கைபேசியிலேயே பாருங்கள். இருட்டுக் காட்சிகள் சுருக்கத்தில் கட்டம் கட்டமாகச் சிதைவதும், என்ஜின் உறுமலில் வசனம் மூழ்குவதும் அங்கேதான் தெரியும். வெளியிட்ட பிறகு கோப்பை மாற்ற முடியாது. நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் அதுவரை வந்த பார்வைகளும் கருத்துகளும் அதோடு போய்விடும்.