ஷேல் பாறைக்குள் வாயு எங்கே ஒளிந்திருக்கிறது?

"சிலேட்டுப் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும் ஷேல் என்ற களிமண் படிவுப் பாறைக்குள் இயற்கை எரிவாயு எங்கே இருக்கிறது, எப்படி அளக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

துளைகள் இருக்கின்றன, வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள பார்னெட் என்ற ஷேல் படுகையின் பாறையை அயனிக் கற்றையால் வழவழப்பாக்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கெரோஜன் என்ற கரிமப் பொருளுக்குள்தான் துளைகள் மிகுதியாகத் தென்பட்டன. பிட்டுப் பார்த்த இட்லியைப் போல. அளவு, சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை. தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர்!

பெரிய துளைகளிலும் வெடிப்புகளிலும் வாயு தன் அழுத்தத்தில் சும்மா அடைந்து கிடக்கும். சிறிய துளைகளில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். துளை சிறுக்கச் சிறுக்கச் சுவர்ப்பரப்பு கூடுமே, அதனால் இந்த ஒட்டிய வாயுவை லேசாக எண்ணக்கூடாது.

அளப்பதில்தான் வம்பு. கிணறு தோண்டும்போது மேலே எடுத்த பாறைத்துண்டை உலோகக் குப்பியில் அடைத்து, நிலத்தடி வெப்பத்திலேயே வைத்து, கசியும் வாயுவை நாள்கணக்கில் அளப்பார்கள். அப்புறம் துண்டைப் பொடியாக்கி மிச்சத்தையும் பிடிப்பார்கள். ஆனால் மேலே தூக்கி வரும் வழியிலேயே, மூடி திறந்த சோடா மாதிரி கொஞ்சம் போய்விடும். அதைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும். என்னைக் கேட்டால், மொத்தத்திலும் நம்பக் குறைவான எண் இதுதான்.

பார்னெட்டில் மிட்செல் எனர்ஜி என்ற எரிவாயு நிறுவனம் 1981-இல் முதல் கிணறு தோண்டியது. 1990-களின் பிற்பகுதியில் மறுபடி அளந்தபோதுதான், முன்பு நினைத்ததைவிடப் பலமடங்கு வாயு இருப்பது தெரிந்தது.