வாசகர் கேள்வி – பதில்: தொன்லே சாப் ஏரி

கேள்வி: டிசெம்பரில் குடும்பத்துடன் கம்போடியா செல்கிறோம். அங்கோர் வாட்டைப் பார்த்த பின், தொன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமங்களுக்கும் செல்வது பயனுள்ளதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவசியம் செல்லுங்கள், நீங்கள் தேர்ந்த மாதமும் நல்லதே. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கிக் கிடக்கும் இவ்வேரி, மழைக்காலத்தில் மீகொங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியேறும் தொன்லே சாப் ஆற்றையே எதிர்த்திசையில் தள்ளுவதால், ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீற்றர் வரை, அதாவது இலங்கையின் பரப்பில் ஐந்திலொரு பங்கிற்கும் மேலாக விரிகிறது. வெள்ளத்தில் மூழ்கும் காடுகளே மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடம். யுனெஸ்கோ 1997இல் இதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

சியெம் ரீப் நகருக்கு மிக அருகிலுள்ள சொங் க்னியாஸில் வீடுகள் உண்மையாகவே மிதக்கின்றன. ஆனால் அங்கு சுற்றுலா வணிகம் மிகுதி. எனவே, உயர்ந்த கால்களின்மேல் வீடுகள் நிற்கும் கம்பொங் ப்லுக்கையே நான் பரிந்துரைப்பேன். படகுக் கட்டணத்தை ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள். மிதக்கும் வீடுகளில் வாழ்வோருள் குடியுரிமையற்ற வியட்நாமிய வம்சாவளியினரும் பலர். அனுமதியின்றி அவர்களைப் படமெடுக்க வேண்டாம்.