பட்டறைக் கேள்வி பதில்: முதல் காசு உளிக்கா, மிஷினுக்கா?

கேள்வி: சின்னதாக ஒரு மரப்படகு கட்ட ஆசை. கையில் இருக்கும் பணத்துக்குக் கைக்கருவி வாங்கலாமா, மின்கருவி வாங்கலாமா?

பதில்: கைக்கருவிதான். அதிலும் வெட்டுகிற கருவிக்கே முதல் காசு. மேசை, அலமாரி செய்பவருக்குப் பெரும்பாலும் எல்லா மூலையும் 90 டிகிரி. படகில் நேர்மூலை கிடைப்பதே அபூர்வம். வங்குக்கால் (படகின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம்) மேல் உட்காரும் பலகையின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் ஒரு சாய்வு இருக்கும், முன்மூக்கை நெருங்க நெருங்க அது மாறிக்கொண்டே போகும். கொஞ்சம் இழைத்து, பொருத்திப் பார்த்து, மறுபடி இழைத்துத்தான் அதைப் பிடிக்க முடியும்.

இந்த வேலைக்கு நான் எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பது ஒரு கையில் அடங்கும் பிளாக் பிளேன் என்ற குட்டி இழைப்புளி. அலகு 12 டிகிரியில் படுத்திருக்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். 25 டிகிரிக்குத் தீட்டிய அலகைப் போட்டால் வெட்டுக்கோணம் 37 டிகிரிதான் வரும். ப்ளைவுட் விளிம்பையும் பலகையின் வெட்டுமுனையையும் பிய்க்காமல் சீவும்.

வாங்கும்போது ஒரு எஃகு ஸ்கேலை இழைப்புளியின் அடியில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாய்க்கு, அதாவது அலகு வெளியே நீட்டும் பிளவுக்கு, முன்னால் வெளிச்சம் கசிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த இடம் மரத்தை அழுத்திப் பிடித்தால்தான் சுருள் சீராக வரும், இல்லாவிட்டால் நார் கிளம்பும்.

உளி 6, 12, 25 மி.மீ. என மூன்று போதும். எஃகின் கடினம் ராக்வெல் என்ற கடின அளவுகோலில் (HRC) 58 முதல் 62 வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் முனை மடங்கும், ரொம்ப மேலே போனால் சில்லு தெறிக்கும். சாணைக்கல்லுக்கான காசையும் இதிலேயே எடுத்து வையுங்கள். 1000 கிரிட் ஒன்று, 6000 கிரிட் ஒன்று (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). புது உளி என்றாலும் முதலில் முதுகைத் தட்டையாகத் தேயுங்கள். அப்புறம் சாய்வைத் தேய்த்து, முதுகுப்பக்கம் விரலை முனையை நோக்கி மெல்ல இழுங்கள். பிசிர் தட்டுப்படும். அகலம் முழுக்க அது தட்டுப்பட்டால்தான் அடுத்த கல்லுக்குப் போகலாம். தீட்டாத விலை உயர்ந்த உளியைவிட, தீட்டிய சாதாரண உளி எவ்வளவோ மேல்.

கேள்வி: பழைய இழைப்புளி வாங்கலாமா?

பதில்: தாராளமாக. மேல்துரு ஒன்றும் செய்யாது. ஆனால் அலகின் முதுகில், முனைக்குப் பக்கத்தில் துரு குழி பறித்திருந்தால் அங்கே கூர் நிற்காது. வாயோரத்தில் விரிசல் இருந்தால் தொடவே வேண்டாம்.

கேள்வி: சரி, மின்கருவியில் எது முதலில்?

பதில்: பேட்டரி டிரில். படகு முழுக்கத் துளையும் திருகும்தான். தண்ணீர் பக்கத்தில் வயரே இல்லாமல் வேலை செய்வதும் நிம்மதி. அடுத்தடுத்த கருவிகளுக்கும் அதே பேட்டரி பொருந்துமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வயர் உள்ள கருவியை ஈரமான இடத்தில் ஓட்டினால் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இணைப்பில் கட்டாயம் இருக்கட்டும்.

இரண்டாவது, ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், அதாவது உப்புத்தாள் வட்டைச் சுழற்றித் தேய்க்கும் மிஷின். 125 மி.மீ. தட்டு போதும். சக்தி எவ்வளவு என்பதைவிடத் தூசியை எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். வாக்குவம் குழாய் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். படகை ஒட்டவும் பூசவும் பயன்படும் எபாக்சி பிசின் முழுக்க இறுகாமல் இருக்கும்போது அதைத் தேய்த்தால் அந்தத் தூசி தோலில் ஒவ்வாமை கிளப்பும். ஒருமுறை அது ஒட்டிக்கொண்டால் அப்புறம் எபாக்சி பக்கமே போக முடியாமல் போகலாம். முகமூடி, கையுறைக்கான காசைக் கருவி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக்சா வளைவுக்கு நல்லது. ஆனால் கனமான மரத்தில் பிளேடு வளைந்து, மேலே கோட்டிலும் கீழே கோட்டை விட்டும் வெட்டும். கோட்டுக்கு வெளியே விட்டு வெட்டி, மிச்சத்தை இழைத்துவிடுங்கள். ப்ளைவுட்டில் நீளமான, மெல்லிய வளைவு என்றால் வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்குச் சற்றே கூடுதலாக வைத்து ஓட்டினால் ஜிக்சாவைவிடச் சீராக வரும். பற்கள் கார்பைடாக இருக்கட்டும், ப்ளைவுட் பசை சாதாரணப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

கேள்வி: கிளாம்ப் எத்தனை வேண்டும்?

பதில்: நினைப்பதைவிட நிறைய. விளிம்புக் கட்டை ஒட்டும்போது ஒரு சாணுக்கு ஒன்றாவது வேண்டும். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். தடித்த பிவிசி குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஒரு பக்கம் பிளந்துவிட்டால் நல்ல கவ்வியாகும். பிசின் கலக்கும் முன்னே எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். குறைந்தால் அப்போதே இன்னும் நாலு வளையம் அறுத்துக்கொள்ளலாம்.