பனி மலைச்சாலைக்கு நான்கு சக்கரத்தையும் இன்ஜினே இயக்கும் கார் போதுமா, குளிர்கால டயரும் வேண்டுமா?

குளிர்கால டயர் என்றால் குளிரிலும் இறுகாத ரப்பரால் செய்த டயர். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஓட்டப் போகிறவர்கள் எந்தக் கார் என்று யோசிப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக விறைத்துவிடும், மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்குமே, அந்த மாதிரி. விறைத்த ரப்பர் சாலையின் சொரசொரப்பில் அழுந்திப் பிடிக்காது, வழுக்கும். குளிர்கால டயரின் கலவையே வேறு, குளிரிலும் மெத்தென்று இருக்கும். அப்புறம், அதன் மேல்பட்டையில் மெல்லிய வெட்டுகள் ஏராளம். அவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சேறும் பனியும்’ என்பதைக் குறிக்கும் வெறும் ‘எம்+எஸ்’ (M+S) எழுத்து போதாது. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்து மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை. நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். செங்குத்தான ஏற்றங்களில் டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலியும் தேவைப்படலாம்.

சரி, நான்கு சக்கரத்தையும் இன்ஜினே இயக்கும் கார் இருந்தால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது கிளம்பவும் ஏறவும் உதவும்; பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை டயரின் பிடிதான் முடிவு செய்கிறது.